பட்டியலில் இல்லாத சொற்கள்

பன்னிரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த ஆராய்ச்சியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று எண்ணெய் டாக்டருக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை காலையில், கையிலிருந்த காபி ஆறுவதற்குள்.

சொன்னவர் தசமம். ஆய்வுக்கூடத்தின் புள்ளிவிவரக்காரர். எதையும் இரண்டு தசம இடத்துக்குக் குறையாமல் சொல்லமாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “மஞ்சள் மூடித் தெரு ஒண்ணுல நாலு பேர், நாம படிச்சுக் காட்டாத வார்த்தைய சொல்லியிருக்காங்க.”

“வயசானவங்கதானே. எங்கேயோ கேட்ட வார்த்தை வந்து ஒட்டிக்கும். நோயோட ஆரம்பமாக்கூட இருக்கலாம். குறிச்சு வைங்க” என்றாள் எண்ணெய் டாக்டர்.

“நாலு பேரும் ஒரே வார்த்தைகள சொல்லியிருக்காங்க. ஏணி, எலுமிச்சை, குடை, பாலம். அதே வரிசையில.”

காபிக் கோப்பை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அந்த நான்கு சொற்களும் அவள் உட்கார்ந்து பொறுக்கியவை. நாலாம் பட்டியலின் முதல் நான்கு.

விஷயம் புரிய வேண்டுமென்றால் எண்ணெய் டாக்டர் இத்தனை காலமாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொல்லியாக வேண்டும். அவளுடைய அப்பா கடைசி இரண்டு வருடம் அவளை “நர்ஸ்” என்று கூப்பிட்டபடியே இறந்துபோனார். அந்த வருடமே அவள் எலிகளுக்கு விதவிதமான கொழுப்பைத் தின்னக் கொடுத்து, எது மூளையைக் காப்பாற்றுகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். “கொழுப்புக்கும் ஞாபகத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? உனக்குத்தான் கொழுப்பு” என்று அவளுடைய பேராசிரியரே கிண்டல் செய்தார். அவள் சளைக்கவில்லை. எலி, பிறகு ரத்தப் பரிசோதனை, பிறகு மனிதர்கள் என்று முப்பது வருடம் ஓடிப்போனது. மீன் கொழுப்பிலும் சில விதைகளிலும் இருக்கிற ஏதோ ஒன்று அல்சைமர் நோயைத் தள்ளிப்போடுகிறது என்று அவள் நம்பினாள். நம்பிக்கையை யாரும் பத்திரிகையில் போடமாட்டார்கள். நிரூபிக்க வேண்டும்.

அதற்குத்தான் இந்தப் பெரிய ஆராய்ச்சி. இருபது தெருக்களில், அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடுகளுக்கு மாதாமாதம் சமையல் எண்ணெய் போகும். பத்துத் தெருவுக்கு மஞ்சள் மூடி போட்ட பாட்டில், பத்துத் தெருவுக்கு வெள்ளை மூடி. ஒன்றில் அவள் கலந்த எண்ணெய், இன்னொன்றில் சாதாரண எண்ணெய். எதில் எது என்று அவளுக்கே தெரியாது. அந்த ரகசியம் கண்காணிப்புக் குழுவின் பூட்டிய பெட்டியில் இருந்தது. வீடு வீடாகப் பிரிக்காமல் தெருத் தெருவாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி எண்ணெய் வாங்கிவராத குடும்பம் எங்கேயும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஞாபகப் பரிசோதனை. பன்னிரண்டு சொற்களைப் படித்துக்காட்டுவார்கள். படம் வரையச் சொல்லி, கழித்தல் கணக்குப் போடச் சொல்லி இருபது நிமிடம் கவனத்தைத் திருப்புவார்கள். அதற்கப்புறம் அந்தச் சொற்களைக் கேட்பார்கள். மொத்தம் நான்கு பட்டியல்கள் மாறி மாறி வரும். மஞ்சள் மூடிக்காரர்கள் வெள்ளை மூடிக்காரர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே மறந்தார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் அவளுடைய முப்பது வருடமும் நின்றது. அடுத்த மாதம் பெட்டியைத் திறக்கப் போகிறார்கள்.

“போன பரிசோதனை அன்னைக்கு, அந்தத் தெருவுக்கு நாலாம் பட்டியல்தான் வரணும்” என்றார் தசமம். “ஆனா தாள்ல தேநீர் கொட்டிடுச்சுன்னு, ரெண்டாம் பட்டியல படிச்சிருக்காங்க. குறிப்புல இருக்கு. அப்புறமும் இந்த நாலு பேர் நாலாம் பட்டியல ஒப்பிச்சிருக்காங்க.”

அவள் காபியை வைத்தாள். படிக்காத தாளை ஒப்பிக்கிறார்கள் என்றால், தாள் அவர்களுக்கு முன்கூட்டியே போயிருக்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“அந்தத் தெருவ கணக்குல இருந்து எடுத்துட்டா?”

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எண்ணைச் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தால் எண் நன்றாக இல்லை என்று அர்த்தம். “அந்தத் தெருதான் நமக்குத் தூக்கிக் குடுக்குது. எடுத்துட்டா, மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது.”

“இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றாள் எண்ணெய் டாக்டர்.

பட்டியல்கள் இருந்த அலமாரிக்கு ஒரே ஒரு சாவி. அது இருந்தது கேள்வியக்காவிடம். பதினோரு வருடமாகப் பரிசோதனை நடத்துகிறவள் அவள். ஆயிரக்கணக்கான முறை கேட்ட கேள்வியையே முதல் தடவை கேட்கிறமாதிரி கேட்பாள். வருகிற கிழவர்களுக்கெல்லாம் அவள் அக்கா. அவர்களுடைய முட்டிவலியும் மருமகள் சண்டையும் அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு ஒட்டுறவு வைத்துக்கொண்டிருக்கிறவள், பாவம் என்று நான்கு வார்த்தை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நேற்றுவரை கேள்வியக்காவின் பெரிய குணமாகத் தெரிந்ததெல்லாம் இன்று எண்ணெய் டாக்டருக்குத் தடயமாகத் தெரிந்தது. சந்தேகம் வந்தபிறகு அவளுக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பரிசோதனை அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சத்தம் போடாத கடிகாரம். கேள்வியக்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“உட்காருங்க” என்றாள் எண்ணெய் டாக்டர்.

கேள்வியக்காவின் கை நின்றது. பதினோரு வருடமாக டாக்டர் அவளை “நீ, வா, போ” என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். திடீரென்று மரியாதை கொடுத்தால் ஏதோ விபரீதம் என்றுதானே அர்த்தம்.

“நாலாம் பட்டியல் வெளியில போயிருக்கு. யார்கிட்ட குடுத்தீங்க?”

“நானா?”

“சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

கேள்வியக்கா அழுவாள் என்று எண்ணெய் டாக்டர் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. விடைத்தாள் கட்டை எடுத்து, வலது ஓரத்தில் இருந்த பத்தியைக் காட்டினாள். பட்டியலில் இல்லாத சொற்கள் என்று தலைப்புப் போட்ட பத்தி. ஏணி, எலுமிச்சை, குடை, பாலம் என்று அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் நான்கு தாளிலும் இருந்தது.

“நான் சொல்லிக் குடுத்திருந்தா, இத நானே எழுதி வெச்சிருப்பேனா மேடம்?”

நல்ல கேள்வி. ஆனால் எண்ணெய் டாக்டர் அப்போது கேள்வி கேட்கிற மனநிலையில் இருந்தாளே தவிர, பதில் சொல்கிற மனநிலையில் இல்லை. கையை நீட்டினாள். கேள்வியக்கா இடுப்பு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இன்னொரு செட் உங்க கைப்பையில இருக்கு. அத யாராவது பார்த்தாங்களான்னும் கேட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவப் போய்விட்டாள்.

அந்த வார்த்தை நாள் முழுக்கச் செருப்புக்குள் விழுந்த கல்லைப்போல உறுத்தியது. பட்டியல் அலமாரியை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான். முதல் வருடத்திலிருந்து ஒரு நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்ததும் அவள்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தது. அப்படி ஒரு அவசரம் ஒருநாளும் வந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கைப்பையைக் கவிழ்த்தாள். நான்கு தாள்களில் மூன்று மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று இருந்தன. மேலே இருந்த நாலாம் பட்டியல் மட்டும் பழந்துணிபோல நைந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. யாரோ பலமுறை எடுத்திருக்கிறார்கள், பிரித்திருக்கிறார்கள், திரும்ப வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் வேறு ஊரில்.

“என்ன தேடுற?” என்று சமையலறையிலிருந்து கேட்டார் அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் அளந்த பழக்கம் போகவில்லை. எங்கே நடந்தாலும் உதட்டுக்குள் அடி எண்ணுவார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினேழு அடி, வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இருநூற்று நாற்பது. அவள் அவரை “சர்வேயர்” என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தாலும் கொஞ்சினாலும்.

அந்தத் தாள் அவருக்குப் புதிதல்ல. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குழாயைத் திறந்துவிட்டு மறந்த அன்று, விளையாட்டுப்போல அவரை உட்காரவைத்து அந்தப் பட்டியலைப் படித்துக்காட்டியிருந்தாள். அன்று ஏழு வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்து மழுப்பினார். அன்றைக்கு அவருக்குச் சளி, அதனால் இருக்கும் என்று அவளே காரணம் கண்டுபிடித்தாள். இரண்டு மாதம் கழித்துப் பத்து. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடமாக அவள் சொன்ன எண்ணெயை, அவள் சொன்ன அளவில், முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற மனுஷன் அவர். “என் முதல் சாட்சி” என்று கூட்டங்களில் அவரைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். ஒரே தாளை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டுகிற மாணவன் அவளிடம் மாட்டியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

“ஒண்ணும் இல்ல” என்றாள். “இன்னைக்கு எங்க போனீங்க?”

“எங்கயும் போகல. வியாழக்கிழமைதானே லைப்ரரி.”

அவர் படிக்கிற புத்தகம் மேசையில் இருந்தது. பட்டு நூல் அடையாளம் நாற்பத்தோராம் பக்கத்தில். மூன்று வாரமாக அதே நாற்பத்தோராம் பக்கம். ஒவ்வொரு வியாழனும் நூலகத்துக்குப் போகிறவர் ஒரு புத்தகத்தையும் மாற்றி எடுத்துவரவில்லை. பொய் சொல்கிறார் என்று அவளுக்கு ஊர்ஜிதமானது.

அதற்கப்புறம் எல்லாம் தானாகக் கோத்துக்கொண்டது. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், கண் சரியில்லை என்று. கண் டாக்டரிடம் போகவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு. அவள் வந்தால் உள்ளே தள்ளுகிறார். தொலைபேசி அடித்தால் அவளையே எடுக்கச் சொல்கிறார். அந்த மஞ்சள் மூடித் தெருவில் இருக்கிற தையல்காரர் அவருக்குப் பழைய சிநேகிதர் என்பதும் ஞாபகம் வந்தது. படிக்காத வார்த்தையைச் சொன்ன நான்கு பேரில் அந்தத் தையல்காரர் ஒருவர், அவர் மனைவி ஒருத்தி.

மனைவி ஜெயிக்க வேண்டுமென்று புருஷன் குறுக்கு வழியில் உதவி செய்கிறான். இதுதான் அவள் கட்டிய கதை. மூன்று நாள் அதை மனதுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது இன்னும் உறுதியானது. மூன்று நாளும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். “உப்பு கம்மியா?” என்று அவர் கேட்டதற்கு, “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் உப்பைத் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் அவரைப் பின்தொடர்ந்தாள். அறுபத்தொரு வயதில், முப்பது வருடம் விஞ்ஞானியாக இருந்தவள், கட்டின புருஷனுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனாள். இதை எழுதும்போது எனக்கே அவள்மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் அவள் இடத்தில் யார் இருந்தாலும் போயிருப்பார்கள்.

அவர் அடி எண்ணிக்கொண்டே நடந்தார். முதல் திருப்பத்தில் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று நோட்டம் விடுகிறார் என்று அவள் ஒரு மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினாள். இரண்டாவது திருப்பத்திலும் அப்படியே. நூலகத்துக்குப் போகிற வழி அது இல்லை.

தையல்காரரின் கடை வாசலில் ஒரு மஞ்சள் மூடி பாட்டில், இயந்திரத்துக்கு எண்ணெய் விட எடுத்துவைத்ததுபோல, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே போனவர் நாற்காலியில் உட்காருவதை அவள் எதிர்ப்பக்கத்துச் சாவிக்கடையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தையல்காரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆக அந்த நான்கு பேரும். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. தெருவைக் கடந்து, பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றாள். சொல்ல வேண்டிய முதல் வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

சர்வேயர் தன் கையால் நகலெடுத்த பட்டியல் தையல்காரரின் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் சர்வேயர்.

“ஏணி” என்றார் அவர். “எலுமிச்சை. குடை.”

நின்றார். விரல் தொடையில் தட்டியது.

“ஆத்தத் தாண்டணும். எதுமேல நடப்போம்?” என்றார் தையல்காரர்.

“படகு?”

“நடக்கணும் சார்.”

தையல்காரரின் மனைவி ரொம்ப மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிறமாதிரி, “பாலம்” என்றாள்.

“பாலம்” என்றார் சர்வேயர். “பாலம், பாலம். அப்புறம் நரி. நரி வந்துட்டுது பாத்தீங்களா?” மற்ற நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள்.

கதவுக்கு வெளியே நின்றவளுக்கு நாக்கின் நுனியில் இருந்த வார்த்தை தொண்டைக்குள் இறங்கியது. முப்பது வருடமாக எத்தனை பேருடைய விரல் அப்படித் தொடையில் தட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காதபோது தட்டுகிற தட்டு அது. அப்பாவும் தட்டுவார். திருப்பத்தில் நின்று சீட்டைப் பார்த்ததும், மூன்று வாரமாக நகராத நாற்பத்தோராம் பக்கமும், ஓட்டாத காரும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் நோட்டம் விடவில்லை. வழி தெரியாமல் நின்றிருக்கிறார். ஊரிலுள்ள கிழவர்களின் ஞாபகத்தையெல்லாம் தசம இடம் வரைக்கும் அளந்தவள், ஒரே கூரைக்கடியில் இருந்தவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டிவைத்திருந்தாள்.

கதவு கிறீச்சிட்டது. சர்வேயர் கண்ணைத் திறந்தார்.

“நீ எங்க இங்க? ஆபீஸ் இல்லையா?”

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். “டாக்டரம்மா, சார் இத ஒரு விளையாட்டுன்னு சொன்னாரு. நாங்க சும்மா எடுத்துக் குடுத்துட்டு இருந்தோம். வாராவாரம் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் மனப்பாடம் ஆகிடுச்சு. அன்னைக்கு கேள்வியக்கா கேட்டப்போ எங்களுக்கு இதுதான் வாயில வந்துது. தப்பா?”

“தப்பு இல்ல” என்றாள் அவள். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

வீட்டுக்கு நடந்தார்கள். அவர் அடி எண்ணவில்லை. முதல் திருப்பத்தில் அவள் நடையைக் குறைத்தாள்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“குழாய் அன்னைக்குத்தான் நீ பாத்த. அதுக்கு முன்னாடியே இருந்துது.”

“ஏன் சொல்லல? யார்கிட்ட மறைக்கிறீங்க? என்கிட்டயா? என் வேலையே இதுதானே.”

“அதனாலதான் சொல்லல.” அவர் நின்றார். “ஏழுன்னு வந்தப்ப உன் முகத்த நீ பாக்கல, நான் பாத்தேன். இருபது வருஷமா உன் எண்ணெயத்தான சாப்பிடுறேன்? ‘முதல் சாட்சி’ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்க. எனக்கே மறந்து போச்சுன்னா, உன் எண்ணெய எவன் நம்புவான்? பெட்டி திறக்கிற வரைக்கும் தாக்குப் பிடிச்சிட்டா போதும்னு நெனச்சேன்.”

“ஒரு ஆள வெச்சு எதையும் சொல்ல முடியாதுங்க. நீங்க ஞாபகமா இருந்தாலும் அது சாட்சி இல்ல, மறந்தாலும் சாட்சி இல்ல. நான்தான் அப்படிப் பேசிட்டு அலைஞ்சேன்.”

“அது உன் விஞ்ஞானம்” என்றார் அவர். “எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது.”

அவளுக்கு அழுகை வந்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதாள். முதலில் அவருக்காக அழுதாள். கொஞ்சம் அப்பாவுக்காக. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்: கொஞ்சம் அந்த எண்ணெய்க்காகவும் அழுதாள். இருபது வருடம் ஊற்றி ஊற்றிக் கொடுத்தது என்ன செய்தது என்ற சந்தேகம் இப்போது அவள்மேலேயே திரும்பியிருந்தது. இந்தத் தடவை கூப்பிட்டு விசாரிக்க வேறு ஆளில்லை. அவர் கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டு, சீட்டை எடுத்து நீட்டினார். அதில் கோடு போட்டுத் தெருக்கள் வரைந்திருந்தன. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அடிக்கணக்கு. சர்வேயரின் கை இன்னும் நேர்கோடு போட்டது.

மறுநாள் காலை அவள் முதலில் போனது தசமத்திடம்.

“அந்தத் தெருவ எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா என்ன ஆகும்னு சொன்னேனே.”

“எடுங்க. காரணத்த நான் குழுவுக்கு எழுதுறேன். என் கைப்பையில இருந்து போச்சுன்னு எழுதுறேன். என் வீட்ல இருந்துன்னு எழுதுறேன்.”

தசமம் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து பரிசோதனை அறை. கேள்வியக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணெய் டாக்டர் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“உன்ன சந்தேகப்பட்டேன். நீ அந்தப் பத்திய காட்டினப்போகூட எனக்குப் புத்தி வரல. மன்னிச்சுக்கோ.”

கேள்வியக்கா சாவியை எடுத்து வளையத்தில் மாட்டினாள். மாட்ட வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். “‘நீ’ன்னு கூப்பிட்டீங்களே, போதும்” என்றாள். “ஆனா மறக்கமாட்டேன் மேடம்.”

“மறக்காத. எனக்கு இப்ப உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. புதுசா பன்னிரண்டு வார்த்தை நீயே எழுது. என்கிட்டகூட காட்டாத. ஒருத்தர வெளியில உட்கார வெச்சிருக்கேன்.”

கேள்வியக்கா கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். நடைபாதை நாற்காலியில் சர்வேயர், இஸ்திரி போட்ட சட்டையோடு, பரீட்சைக்கு வந்த பையன்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேள்வியக்காவின் முகம் மாறியது. ஒரு வார்த்தை கேட்காமல் பென்சிலை எடுத்தாள்.

“குடும்பத்தார் வெளியில இருக்கணும்” என்றாள் அப்புறம். “நீங்க எழுதின விதி.”

“கதவ மட்டும் கொஞ்சம் திறந்து வை.”

உள்ளே போவதற்கு முன்னால் சர்வேயர் அவளிடம் குனிந்து சொன்னார்: “இந்த தடவ ஏமாத்து வேலை கிடையாது. அவங்க படிக்கிறத மட்டும் சொல்றேன். சத்தியமா.”

“சரி” என்றாள்.

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பது வருடத்தில் அந்த நாற்காலியில் எத்தனை மனைவிகள், எத்தனை புருஷன்கள், எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அது இவ்வளவு கடினமான நாற்காலி என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. உள்ளே கேள்வியக்கா நிதானமாக, ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் ஒரே இடைவெளி விட்டுப் படித்தாள். படகு, மிளகு, சன்னல், ஆடு... எண்ணெய் டாக்டர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவளால் பன்னிரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடிந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

படம் வரைய வைத்தார்கள், கழித்தல் கணக்குப் போடவைத்தார்கள். கழித்தலில் அவர் பிழையே விடவில்லை. இருபது நிமிடம் போனது.

“நான் முதல்ல படிச்சேனே, அந்த வார்த்தையெல்லாம் சொல்லுங்க சார்.”

அவருடைய குரல், தடுமாற்றம் இல்லாமல், தெளிவாக வந்தது.

“ஏணி. எலுமிச்சை. குடை. பாலம். நரி. சல்லடை. மேகம். தொப்பி. சுத்தியல். திராட்சை. கடிதம். வாத்து.”

வெளியே உட்கார்ந்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஏமாற்றவில்லை. சத்தியத்தை மீறவுமில்லை. கேள்வியக்கா படித்தது இதைத்தான் என்று மனதார நம்பித்தான் சொன்னார். இத்தனை வாரம் சொல்லிச் சொல்லிப் பதிந்தது மட்டும் மிச்சமிருந்தது, இன்று காலை கேட்டது போய்விட்டது.

அவர் வெளியே வந்தார். முகம் பூரித்துக் கிடந்தது. இந்த ஒரு வருடத்தில் அவள் அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்க்கவில்லை.

“கேட்டியா? பன்னிரண்டு. ஒருத்தரும் எடுத்துக் குடுக்கல.”

“கேட்டேன்” என்றாள். “பன்னிரண்டும் சொன்னீங்க.”

கேள்வியக்கா தாளோடு பின்னாலேயே வந்தாள். சரியான சொற்கள் என்ற பத்தி முழுக்கக் காலி, கீழே பூஜ்யம். பக்கத்துப் பத்தியில், பட்டியலில் இல்லாத சொற்கள் என்ற தலைப்புக்குக் கீழே, பன்னிரண்டும் முத்து முத்தான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. அவள் பேனாவை நீட்டினாள்.

எண்ணெய் டாக்டர் தாளை முழங்காலில் வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

“எழுதிக்கிட்டியா?” என்று கேட்டார் சர்வேயர். “உன் எண்ணெய் வேலை செய்யுதுன்னு?”

“எழுதிட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவருடைய சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாமல், முதலில் தான் எழுந்து நடந்து வழி காட்டினாள்.